ஆட்சியே எதிராக இருக்கும்போது எண்ணெய், நிலக்கரித் திட்டங்களைத் தடுக்க முடியுமா?

#1 நீர்க்காகம்

கொஞ்ச நாளாகச் சூழலியல் பேசுகிற எல்லா இடத்திலும் ஒரே சோர்வு. காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், டிரம்ப் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா மீண்டும் விலகுவதாகக் கையெழுத்துப் போட்டார். கார்பன் வெளியேற்றத்தை நிகரப் பூஜ்யமாக்குவோம் என்று 2021இல் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய நெட் ஸீரோ வங்கிக் கூட்டணி 2025 அக்டோபரில் கடையைக் கட்டிவிட்டது. சாலை மறியலுக்கு ஸூம் கூட்டத்தில் திட்டம் போட்டதற்காக பிரிட்டனில் சூழலியல் போராட்டக்காரர் ஒருவருக்கு ஐந்து ஆண்டும் நான்கு பேருக்குத் தலா நான்கு ஆண்டும் சிறை விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததே தவிர விடுதலை இல்லை. 2023இல் ஐநாவின் துபாய் பருவநிலை மாநாடு புதைபடிவ எரிபொருளிலிருந்து மாறிச் செல்வோம் என்றாவது எழுதியது. 2025இல் பிரேசிலின் பெலேம் நகரில் நடந்த மாநாட்டின் முக்கியத் தீர்மானத்தில் அந்தச் சொல்லே இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பலர் "அடுத்த தேர்தல் வரட்டும், அதுவரை ஒன்றும் நடக்காது" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அரசு மனம் மாறி நிறுத்திய திட்டங்களும் உண்டு. ஆனால் இழுத்தடிப்பு தாங்காமல் கம்பெனியே கைவிட்ட திட்டங்களும் இருக்கின்றன, அதுவும் ஆட்சி முழுக்கக் கம்பெனியின் பக்கம் நின்ற காலத்தில்.

ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அட்லாண்டிக் கோஸ்ட் பைப்லைன். டொமினியன், டியூக் என்ற இரண்டு பெரிய மின் கம்பெனிகள் 2014இல் அறிவித்தன. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினா வரை சுமார் 960 கிலோமீட்டருக்கு எரிவாயுக் குழாய். தொடக்கத்தில் செலவு 500 கோடி டாலருக்குள் என்றார்கள். டிரம்பின் முதல் ஆட்சி திட்டத்துக்கு முழு ஆதரவு. எதிர்த்தவர்கள் யார் என்றால் நிலம் போகிறவர்கள், ஆற்றுப் பாதுகாப்புச் சங்கங்கள், யூனியன் ஹில் என்ற சிற்றூரின் கறுப்பின மக்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்கள் வாழும் அந்த ஊரில்தான் கம்பெனி, எரிவாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் நிலையம் வைக்கப் பார்த்தது.

அவர்கள் திட்டம் முழுவதையும் ஒரே வழக்கில் எதிர்க்கவில்லை. காட்டு வழியாகப் போக ஓர் அனுமதி, அரிய உயிரினங்களுக்கு ஓர் அனுமதி, காற்று மாசுக்கு ஓர் அனுமதி என்று ஒவ்வொன்றாக எடுத்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒன்று போனால் வேலை நிற்கும். பறவைகளும் வௌவால்களும் இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் மரம் வெட்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், இரண்டு மாதத் தடை என்றாலும் ஒரு வருடம் கையைவிட்டுப் போகும். கடன் வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். செலவு 800 கோடி டாலரைத் தொட்டது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 2020 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் காட்டு அனுமதி விவகாரத்தில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, ஏழுக்கு இரண்டு. ஜூலை 5 அன்று கம்பெனி திட்டத்தையே கைவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்து மூன்றே வாரம்!

ஆக, கெட்ட காலத்தில் குறி வைக்க வேண்டியது மேலே இருப்பவரின் மனத்தை அல்ல, திட்டத்தின் காலண்டரை. கருத்துச் சொல்லுங்கள்.

#2 மழைக்குறி

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன்.

#3 சந்தேகப்பிராணி

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் நீர்க்காகம். ஆனால் ஜெயித்த கதையை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அதே மலைத்தொடரில், அதே எரிவாயுவுக்காக, அதே வகை மக்கள் எதிர்த்த இன்னொரு குழாய் இருக்கிறது. மவுண்டன் வேலி பைப்லைன். சுமார் 490 கிலோமீட்டர். இங்கும் அனுமதி அனுமதியாக ரத்து ஆனது. 350 கோடி டாலர் என்ற செலவு 800 கோடியை நெருங்கியது. எல்லாம் நீங்கள் சொல்வது போலத்தான் போனது.

அப்புறம்? 2023 ஜூனில் அமெரிக்க அரசின் கடன் உச்சவரம்பை உயர்த்தும் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகினார்கள். மிச்சம் இருக்கும் அனுமதி எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும், அதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்று. அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி தடை போட்டுப் பார்த்தது, உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. 2024 ஜூனில் எரிவாயு ஓடத் தொடங்கியது. கவனியுங்கள், அப்போது நடந்தது பைடன் ஆட்சி. பருவநிலை பற்றி உருக்கமாகப் பேசிய ஆட்சி.

ஆடிக்கொண்டிருக்கும்போதே எதிராளி விதியை மாற்றினால் உங்கள் காலண்டரை வைத்து என்ன செய்வது? 2025 மே மாதம் இன்னொன்றும் நடந்தது. யூட்டா மாநிலத்தில் கச்சா எண்ணெய் ஏற்றிச் செல்ல 140 கிலோமீட்டர் ரயில் பாதை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு போதுமா என்பதில் கீழ் நீதிமன்றங்கள் அரசுத் துறையின் முடிவுக்கே பெரும்பாலும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. எட்டுக்குப் பூஜ்யம். தாராளவாத நீதிபதிகளும் வேறு காரணம் சொன்னாலும் முடிவில் சேர்ந்துகொண்டார்கள். நீங்கள் புகழும் ஆயுதத்தின் முனையை ஏற்கெனவே மழுக்கிவிட்டார்கள்.

#4 வழக்காடி

இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் பாதிதான். இழுத்தடிப்பு நம் கையில் மட்டும் இருக்கிற ஆயுதம் என்று இரண்டு பேருமே பேசுகிறீர்கள். அதை நம்மைவிட நன்றாகக் கற்றவர்கள் கம்பெனிக்காரர்கள்.

ஸ்டாண்டிங் ராக் நினைவிருக்கும். 2016இல் அமெரிக்காவில் டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாய்க்கு எதிராகப் பழங்குடி மக்கள் முகாம் போட்டுப் பல மாதம் இருந்தார்கள். குழாய் 2017இல் ஓடத் தொடங்கிவிட்டது. கம்பெனி ஜெயித்தாயிற்று, விட்டிருக்கலாம். விடவில்லை. குழாய் போட்ட எனர்ஜி டிரான்ஸ்ஃபர் கம்பெனி அதே 2017இல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் மீது மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, மாஃபியா கும்பல்களுக்காக எழுதிய சட்டத்தின் கீழ். 2019இல் அது தள்ளுபடி. உடனே மாநில நீதிமன்றத்தில் இன்னொன்று. ஆறு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், வடக்கு டகோட்டாவில் ஜூரி 66 கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. நீதிபதி பிறகு அதைச் சுமார் 34.5 கோடியாகக் குறைத்தார். பாதியாகக் குறைந்தாலும் ஓர் அமைப்பை மூடப் போதுமான தொகை.

முகாமை நடத்தியது பழங்குடி மக்கள். வழக்கு விழுந்தது கிரீன்பீஸ் மீது. பணம் இருக்கிற, பெயர் தெரிந்த ஒருவரைப் பிடித்து அடித்தால் மற்ற ஆயிரம் சின்ன அமைப்புகள் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் ஃபீஸ், ஒவ்வொரு ஈமெயிலையும் தேடி எடுத்து ஒப்படைக்கும் வேலை, ஊழியர்களின் தூக்கம். அதெல்லாம்தான் தண்டனை. தீர்ப்பு கடைசியில் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான்.

எனவே நீர்க்காகத்திடம் என் கேள்வி: இரண்டு பக்கமும் நேரத்தை வைத்தே ஆடுகிறார்கள் என்றால் யாருக்கு மூச்சு அதிகம்?

#5 ஈரக்காற்று

யாருக்கு மூச்சு அதிகம் என்பதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977இலேயே மேலிடத்துக்கு விளக்கிச் சொன்னார், எரிபொருள் எரிப்பதால் பூமி சூடாகும் என்று. அந்தக் கம்பெனிக்குள் போட்ட வெப்பநிலைக் கணிப்புகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன என்று 2023இல் சயன்ஸ் இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. வெளியே சொன்னது என்ன? "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, மேலும் ஆய்வு தேவை." 1989 முதல் 2002 வரை குளோபல் கிளைமேட் கோலிஷன் என்று கூட்டணி வைத்து இதையே ஓதிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் அறிவியலை மறுத்து ஜெயிக்க நினைக்கவே இல்லை. தாமதம் கிடைத்தால் போதும். கிடைத்தது. இழுத்தடிப்பில் அவர்களுக்கு நாற்பது வருட முன் அனுபவம்.

#6 பாய்லர்_அண்ணன்

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இழையில் இதுவரை உழைக்கிறவன் பெயரை யாரும் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பிகளா, திட்டம் இழுபட்டால் கம்பெனிக்கு வட்டி ஏறும், சரி. முதலில் வீட்டுக்குப் போவது யார்? நிரந்தர ஊழியன் இல்லை, மேலாளர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளி. வெல்டர், சாரம் கட்டுபவர், சாம்பல் அள்ளுபவர். ஸ்டே வந்த மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது. ஸ்டே நீங்கினால் வேறு ஆள் எடுப்பார்கள். "உன் வேலையைப் பறித்தவன் அதோ கொடி பிடித்து நிற்கிறான்" என்று கம்பெனி கைகாட்டும், அவனும் நம்புவான். ஏன் நம்பமாட்டான்? கொடி பிடித்தவர்கள் ஒரு நாளும் அவனிடம் வந்து பேசியதில்லையே.

இருக்கிற ஆலையை மூடுவதும் புதியதைத் தடுப்பதும் வேறு வேறு. மூடுவதற்கு வழி உண்டு. ஸ்பெயினில் 2018 அக்டோபரில் அரசும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். பெரும்பாலான சுரங்கங்கள் மூடல், பதிலுக்கு 25 கோடி யூரோ. முன்கூட்டிய ஓய்வு, மறுபயிற்சி, நிலத்தைச் சீர்செய்யும் வேலை. ஜெர்மனி 2020இல் நிலக்கரியை விட 2038 வரை கெடு வைத்தபோது சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 2038 ரொம்பத் தள்ளி என்று நீங்கள் திட்டுவீர்கள், திட்டுங்கள். ஆனால் தேதி தெரிந்தால் ஒரு தொழிலாளி மகளின் படிப்பைத் திட்டமிட முடியும். தேதி தெரியாத இழுபறியில் அவன்தான் நசுங்குவான்.

#7 குறுக்குக்கேள்வி

இவ்வளவு பேசுகிறீர்களே, எண்ணெயை நிறுத்தச் சொல்லி ஓவியத்தின் மேல் சூப் ஊற்றியவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? அதுவும் போராட்டமா?

#8 சந்தேகப்பிராணி

ஆரம்பிச்சாச்சு.

#9 மட்டுறுத்துநர்

சூப் விவகாரத்துக்கு ஏற்கெனவே 14 பக்க இழை ஒன்று பூட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. இங்கே அது வேண்டாம். #7க்கு வந்த ஆறு பதில்களை அங்கே நகர்த்திவிட்டேன்.

#10 கணக்குப்பிள்ளை

நிதித்துறையில் இருப்பதால் பணத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்.

வங்கிக் கூட்டணி கலைந்ததைப் பெரிய தோல்வியாக நீர்க்காகம் எழுதியிருக்கிறார். அது வெறும் விருப்ப உறுதிமொழிதான், பல்லே இல்லை. அது இருந்தபோதும் அதே வங்கிகள் எண்ணெய்க்குக் கடன் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. போனால் போகட்டும்.

குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு வரும் கடனையும் காப்பீட்டையும் குறிவைப்பது வேறு கதை. உகாண்டாவின் ஆல்பர்ட் ஏரியிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் போடுகிறார்கள். அந்த எண்ணெய் மெழுகு போல உறையும் தன்மை கொண்டது, அதனால் வழி நெடுக 50 டிகிரியில் சூடேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி டோட்டல் எனர்ஜிஸிடம் 62 சதவீதம் பங்கு. அங்கே தெருவில் இறங்கினால் கைது. உகாண்டா தலைநகர் கம்பாலாவில் மாணவர்களைத் திரும்பத் திரும்பப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதனால் போராட்டம் பாரிஸ், லண்டன், டோக்கியோவின் வங்கி வாசல்களுக்குப் போனது. உலகின் பெரிய வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் வரிசையாக "எங்களுக்கு வேண்டாம்" என்றன.

குழாய் நின்றதா? இல்லை. 2025 மார்ச்சில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வங்கிகள் அடங்கிய குழு ஒன்று சேர்ந்து முதல் தவணைக் கடனைக் கொடுத்தது. வேலை நடக்கிறது. இடைப்பட்ட காலத்தில் பங்குதாரர்கள் தங்கள் பணத்தையே அதிகம் கொட்ட வேண்டியிருந்தது, பல வருடம் தள்ளிப்போனது, செலவும் ஏறியது. இதை வெற்றி என்று சொல்லமாட்டேன். அடுத்து இப்படி ஒரு குழாய் போட நினைப்பவன் கணக்கில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கடலில் எண்ணெய் தேடுவதும் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதும் இதில் வேறுபடும். நிலக்கரிக்குக் காப்பீடு கொடுப்பவர்கள் சுருங்கிக்கொண்டே வருகிறார்கள். எண்ணெய்க்கு இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசினால் எங்கே அடிப்பது என்று தெரியாது.

#11 தெற்குவாசல்

நெடுவாசலை யாரும் சொல்லவில்லையே. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நாடு முழுவதும் 31 பகுதிகளில் சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நெடுவாசல் அதில் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. அங்கே வழக்கைவிட உட்கார்ந்திருந்த மக்கள்தான் தாமதத்தை உண்டாக்கினார்கள். கதிராமங்கலத்தில் அதே ஆண்டு ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் உடைந்து கசிந்தபோது கூடிய மக்கள் மீது தடியடி, கைது. துண்டறிக்கை கொடுத்த மாணவி மீது குண்டர் சட்டம். சில வாரத்தில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நல்ல காலமா அது? மத்தியிலும் ஆதரவு இல்லை, மாநிலமும் அடித்தது.

ஆனால் நெடுவாசலில் அந்தத் திட்டத்தின் வேலை தொடங்கவே முடியவில்லை. அதே மாநில அரசு, அதே கட்சி, மூன்று வருடம் கழித்து 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது. தேர்தல் ஒரு வருடத்தில் வர இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2017இல் கிணறு தோண்டியிருந்தால் அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இருந்திருக்காது, ஏனென்றால் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளைச் சட்டம் தொடவில்லை. அந்த ஓட்டை இன்றும் பெரிய குறைதான். டெல்டாவில் பழைய கிணறுகள் அப்படியே இருக்கின்றன. 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே தேவையில்லை என்று விதியையும் மாற்றியது. சந்தேகப்பிராணி சொல்கிற "ஆட்டத்தின் நடுவே விதி மாற்றம்" இங்கும் உண்டு.

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு எண்ணெய் கொண்டுவர நினைத்த கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயின் கதையும் இதே சாயல்தான். 2008இல் முன்மொழிந்தார்கள், ஓர் அதிபர் மறுத்தார், அடுத்தவர் கொடுத்தார், அதற்கடுத்தவர் பதவியேற்ற நாளில் ரத்து செய்தார், 2021 ஜூனில் கம்பெனி கைவிட்டது. இடையில் நெப்ராஸ்கா மாநில விவசாயிகள் நிலம் தரமாட்டோம் என்று வழக்குகளை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். 2017இல் அனுமதி கிடைத்ததும் குழாய் போட்டிருந்தால் 2021இல் ரத்து செய்ய என்ன இருந்திருக்கும்?

#12 குறுக்குக்கேள்வி

சரி, சூப்பை விடுகிறேன். வேறொன்று கேட்கிறேன், இதற்காவது பதில் சொல்லுங்கள்.

2025 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்க அரசு ரெவல்யூஷன் விண்ட் என்ற கடல் காற்றாலைத் திட்டத்தை நிறுத்தச் சொன்னது. 65 காற்றாலைகளில் 45 நட்டாகிவிட்டது. மொத்த வேலையில் 80 சதவீதம் முடிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் போய்த்தான் வேலையைத் தொடர முடிந்தது. அந்த ஒரு மாதமும் கப்பலுக்கு வாடகை, ஆளுக்குச் சம்பளம், கடனுக்கு வட்டி. அப்படியே நீங்கள் #1இல் எழுதிய சூத்திரம். காற்றாலைக்கு எதிராக ஊர்க்காரர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழேயே வழக்குப் போட்டதும் உண்டு. நீங்கள் கூர் தீட்டிய கத்தி உங்கள் பக்கமே திரும்பியிருக்கிறதே?

#13 நீர்க்காகம்

இந்த இழையின் நல்ல கேள்வி இதுதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

தாமதம் எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. முதலில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு, கட்டி முடித்த பிறகுதான் வருமானம் பார்க்கிற பெரிய திட்டத்தைத்தான் அது நொறுக்கும். பைப்லைன், எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம், அனல்மின் நிலையம் அந்த வகை. கடல் காற்றாலையும் அணுமின் நிலையமும்கூட அந்த வகை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூரை மேல் போடும் சூரியத் தகடும் பேட்டரியும் அந்த வகை இல்லை. லட்சம் கூரைகளுக்கும் ஒரே உத்தரவில் ஸ்டே வாங்க முடியாது.

இரண்டாவது இதைவிட முக்கியம். காத்திருக்கும்போது யாருடைய மாற்று மலிவாகிறது? 1989இல் காத்திருந்தால் எண்ணெய்க்காரர்களுக்கு லாபம், ஏனென்றால் சூரிய மின்சாரம் அப்போது விண்கலத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும் சமாசாரம். 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் மட்டும் சூரிய மின்சாரத்தின் செலவு 85 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2025இல் உலகம் முழுக்க ஆற்றலில் போடப்படும் முதலீடு சுமார் 3.3 லட்சம் கோடி டாலர், அதில் 2.2 லட்சம் கோடி தூய ஆற்றலுக்கும் மின் கட்டமைப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்தது. 2025இன் முதல் பாதியில் உலக மின் உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிலக்கரியை முந்தியது. ஓர் எரிவாயுத் திட்டத்தை நாலு வருடம் தள்ளிப்போட்டால், நாலு வருடம் கழித்து அதற்குக் கடன் கொடுப்பவர் பழைய கணக்கோடு வரமாட்டார். அட்லாண்டிக் குழாய் செத்ததில் இதற்கும் பங்கு உண்டு. 2014இல் அவ்வளவு எரிவாயு தேவைப்படும் என்று போட்ட கணக்கு 2020இல் பலமாகக் கேள்விக்குள்ளானது. அதே 2020இல் வர்ஜீனியா 2050க்குள் கார்பன் இல்லாத மின்சாரம் என்று சட்டமும் போட்டுவிட்டது.

மவுண்டன் வேலி பற்றி: உண்மை, அந்தக் குழாய் ஓடுகிறது. ஆனால் அதன் தென்கிளை 2023 டிசம்பரில் 75 மைலிலிருந்து 31 மைலாகச் சுருக்கப்பட்டது. மூலக் குழாயை முடிக்க நாடாளுமன்றச் சட்டமே தேவைப்பட்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் அவர்களால் தனிச் சட்டம் கொண்டுவர முடியாது.

#14 சந்தேகப்பிராணி

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் இன்னும் உரசிப் பார்க்கிறேன்.

சந்தையில் நேரம் உங்கள் பக்கம் என்கிறீர்கள். வளிமண்டலத்தில்? 2024தான் தொழில்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரி தாண்டிய முதல் முழு ஆண்டு. வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே இருக்கும். மெதுவாக ஜெயிப்பதும் தோற்பதும் இங்கே ஒன்றுதான்.

மிச்சம் இருப்பதும் உண்டு. புதியதைத் தடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கிணறை எந்த இழுத்தடிப்பும் மூடாது. ஈக்வடாரில் 2023 ஆகஸ்டில் நாடே ஓட்டுப் போட்டது, யசூனி காட்டின் 43ஆம் தொகுதி எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விடு என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குள் மூட வேண்டும் என்பது நீதிமன்றம் வைத்த கெடு. கெடு தாண்டியும் எண்ணெய் வந்துகொண்டிருந்தது, அரசு இன்னும் பல வருடம் வேண்டும் என்றது. அங்கே இழுத்தடித்தது யார்?

#15 ஈரக்காற்று

நைஜீரியாவின் ஓகோனி மக்களைப் பாருங்கள், ஓடிக்கொண்டிருந்ததை மக்கள் நிறுத்தினார்கள். 1993 ஜனவரியில் மூன்று லட்சம் பேர் என்று சொல்லப்படும் பேரணி. அந்த மக்கள்தொகையில் பாதிக்கும் மேல். அதே வருடம் ஷெல் எண்ணெய்க் கம்பெனி அங்கே உற்பத்தியை நிறுத்தி வெளியேறியது. ஆனால் விலை? ராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10 அன்று போராட்டத் தலைவர் கென் சாரோ விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. 2009இல் ஷெல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 2025இல் நைஜீரிய அரசு அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. எதற்கு மன்னிப்பு என்றுதான் அவர்கள் தரப்பினர் கேட்டார்கள்.

"கடினமான அரசியல் காலம்" என்று நாம் சொல்லும்போது இதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். பல நாடுகளில் அது எப்போதும் இருக்கிற காலம்.

#16 வழக்காடி

சந்தேகப்பிராணி, கிணறு அனுமதிகளைப் பற்றிச் சட்டத்தின் பக்கம் ஒரு சின்ன அசைவு தெரிகிறது. 2024 ஜூனில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஓர் எண்ணெய்க் கிணறுக்கு அனுமதி கொடுக்கும்போது அந்த எண்ணெயைக் கடைசியில் எரிப்பதால் வரும் புகையையும் மதிப்பிட வேண்டும் என்றது. வழக்குப் போட்டது ஓர் உள்ளூர்வாசி. சில மாதம் கழித்து, 2025 ஜனவரியில், அதே காரணத்தால் ரோஸ்பேங்க், ஜாக்டா என்ற இரண்டு வட கடல் வயல்களின் அனுமதியை ஸ்காட்லாந்து நீதிமன்றம் செல்லாததாக்கியது. அரசு மீண்டும் பரிசீலித்து அனுமதி கொடுக்கலாம். அதற்கும் நேரம் பிடிக்கும், இல்லையா?

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் சொன்ன ஆலோசனைக் கருத்தும் உண்டு. எண்ணெய் எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூட ஒரு நாட்டின் சர்வதேசக் கடமையை மீறிய செயலாகலாம் என்றது. கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, ஆனால் உள்ளூர் வழக்குகளில் மேற்கோள் காட்டலாம். இதைத் தொடங்கியவர்கள் 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர். வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து ஐநா பொதுச்சபை வரை கொண்டுபோனது.

#17 மழைக்குறி

எல்லாம் படித்தேன். நான் கேட்பது நடைமுறைக் கேள்வி. புதிதாக ஐந்தாறு பேர் சேர்ந்த ஒரு குழு, பணம் இல்லை, வக்கீல் இல்லை. ஒரு நிலக்கரித் திட்டம் வரப்போகிறது என்று கேள்விப்படுகிறார்கள். முதலில் என்ன செய்வது?

#18 வழக்காடி

கொடி தைப்பதற்கு முன் கோப்பு தொடங்குங்கள். கென்யாவின் லாமு நிலக்கரித் திட்டம் 2019 ஜூனில் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்தில் விழுந்ததற்கு முக்கியக் காரணம், மக்களிடம் கருத்துக் கேட்டது முறையாக நடக்கவில்லை என்பது. அதை நிரூபிக்க முடிந்ததால்தான் விழுந்தது. அடுத்த ஆண்டே அதற்குக் கடன் கொடுக்க இருந்த சீன வங்கி பின்வாங்கியது.

அதனால் கூட்டம் எப்போது அறிவித்தார்கள், எந்த மொழியில், அறிக்கையின் முழுப் பிரதி எங்கே வைத்தார்கள், யார் பேசவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக் கெடு எத்தனை நாள் என்று முதல் நாளே விசாரியுங்கள். பல இடங்களில் அது சில வாரம்தான், நல்ல வழக்குகள்கூடக் கெடு தவறிச் செத்திருக்கின்றன. துண்டறிக்கையில் கம்பெனியைப் பற்றி ஆவணம் இல்லாத ஒரு வரிகூட எழுதாதீர்கள். #4இல் சொன்ன வகை வழக்கு அப்படிப்பட்ட ஒரு வரியைப் பிடித்துத்தான் வரும். வழக்குச் செலவுக்குத் தனி நிதி வையுங்கள், அமைப்பின் பணத்தோடு கலக்காதீர்கள்.

#19 பாய்லர்_அண்ணன்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள். பக்கத்தில் ஏற்கெனவே ஓர் ஆலை இருந்தால், அங்கே ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், என்ன தொழில் தெரியும் என்று கேட்டு எழுது. கம்பெனியிடமே அந்தக் கணக்கு ஒழுங்காக இருக்காது, ஒப்பந்தக்காரர்களிடம் சிதறிக் கிடக்கும். நீ அந்தப் பட்டியலோடு தொழிற்சங்க வாசலுக்குப் போனால் உட்காரச் சொல்வார்கள். வெறும் துண்டறிக்கையோடு போனால் சொல்லமாட்டார்கள்.

#20 சந்தேகப்பிராணி

நான் இன்னும் முழுக்க நம்பவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் #18ஐ மேலே பின் செய்து வைக்கலாம் என்று மட்டுறுத்துநருக்குப் பரிந்துரைக்கிறேன்.

#21 மட்டுறுத்துநர்

பின் செய்தாயிற்று. லாமு வழக்கைப் பற்றி விரிவாகப் பேச விரும்புபவர்கள் புதிய இழை தொடங்கவும், இது நீண்டுவிட்டது.

#22 நீர்க்காகம்

தொடங்குகிறேன். வழக்காடி, அந்தத் தீர்ப்பைப் படித்திருந்தால் கருத்துக்கேட்பு பற்றிய பத்திகளை எடுத்து வையுங்கள். அண்ணே, ஸ்பெயின் ஒப்பந்தத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை நீங்கள் அங்கே எழுத வேண்டும்.